போலந்தில் கல்லறைத் திருநாள்: ஐந்து நாள் குறிப்புகள்

அக்டோபர் 30, கிராக்கோவ்

2ஆம் எண் டிராம் கடைசி நிறுத்தத்தை நெருங்கியபோது வண்டியில் பூந்தொட்டி இல்லாத ஆள் நான் மட்டும்தான். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மடியில் ஒன்று, காலடியில் இரண்டு என்று மூன்று தொட்டி வைத்திருந்தார். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் காலடியில் இருந்தவற்றை இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நிறுத்தத்தின் பெயரே ராகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டம். 1803இல் முதல் அடக்கம் நடந்த இடம். இன்றைக்கு 42 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கு மேல்.

நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. போலந்தில் அரசு விடுமுறை. மறுநாள் இறந்தவர்களின் நினைவு நாள். அதை ‘ஸாதுஷ்கி’ என்கிறார்கள். எங்கள் தூத்துக்குடியில் 2ஆம் தேதிதான் கல்லறைத் திருநாள், கூட்டமும் அன்றைக்குத்தான். இங்கே விடுமுறை 1ஆம் தேதி என்பதால் ஊரே அன்று கல்லறையில் இருக்கும், வந்து பார் என்று என் தோழி இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. இந்த முறை வந்துவிட்டேன்.

வாசலில் வரிசையாகப் பூக்கடைகள். எல்லாக் கடையிலும் ஒரே பூ, நமக்கு நன்றாகத் தெரிந்த செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு. சிலவற்றின் ஒற்றைப் பூவே உள்ளங்கை கொள்ளாத அளவு இருந்தது. “யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போது இதை மட்டும் வாங்கிப் போய்விடாதே” என்றாள் தோழி. இங்கே செவ்வந்தி என்றால் கல்லறைப் பூ.

கடைக்கார அம்மாவிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டதற்கு அவர் 2020ஐப் பற்றித்தான் பேசினார். கொரோனா சமயம். அக்டோபர் 30 மதியம் வரை எல்லோரும் பூ இறக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து, நாளையிலிருந்து மூன்று நாள் நாட்டில் எல்லாக் கல்லறைத் தோட்டங்களும் மூடல் என்று பிரதமரின் அறிவிப்பு வருகிறது. ஒரு வருட உழைப்பு அத்தனையும் தொட்டிகளாக நடைபாதையில் நிற்கிறது. விற்காத பூவுக்குப் பிறகு அரசு ஈடு கொடுத்தது. “பணம் வந்தது. ஆனால் அந்த வருடம் என் அம்மாவுக்கு நானே பூ வைக்கவில்லை” என்றார். தோழி இதை எனக்கு மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் திரும்பி அடுத்த ஆளுக்குத் தொட்டியைத் தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 31, கோர்லிட்சே அருகே ஒரு கிராமம்

காலையில் பஸ் பிடித்து தென்கிழக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம். சாலையில் வழக்கத்தைவிட அதிகமாகப் போலீஸ் நின்றது. இந்த நாட்களில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். அதற்காகவே வருடா வருடம் போலீஸ் தனி ஏற்பாடு செய்கிறது. அந்த ஏற்பாட்டின் பெயரும் ‘ஸ்னிச்’, கல்லறை விளக்கின் பெயர்தான்.

தோழியின் பாட்டி எங்களுக்காக வாசலிலேயே நின்றிருந்தார். பாட்டியைப் போலிஷில் ‘பாப்ச்சா’ என்று கூப்பிடுகிறார்கள். எண்பது தாண்டியவர். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் சூப் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் ஒரு வாளியைக் கொடுத்தார். அதற்குள் பிரஷ், துணி, சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று.

கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால், சரிவில். உள்ளே நுழைந்ததும் ஏதோ வீட்டு வேலை நடக்கும் தெருவுக்குள் வந்ததுபோல் இருந்தது. குழாயடியில் வரிசை. ஒருவர் இலைகளைக் கூட்டிச் சாக்கில் அள்ளுகிறார். ஒரு பெண் மண்டியிட்டுக் கிரானைட்டைத் துடைத்துக்கொண்டே பக்கத்துக் கல்லறைக்காரியுடன் மகனுடைய வேலை பற்றிப் பேசுகிறார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. எங்கள் ஊரிலும் இதற்கு முந்தைய நாட்களில் புல் வெட்டுவோம், சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஆள் விடுவோம். இங்கே ஆள் விட்டவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

பாப்ச்சாவின் குடும்பக் கல்லறை சாம்பல் நிறச் சிப்ஸ் கல். தண்ணீர் ஊற்றி நான் தேய்க்க, எழுத்துகளின் பள்ளத்தில் படிந்திருந்த பாசியை அவர் அந்தப் பல் பிரஷால் எடுத்தார். முதலில் மாமனார், மாமியார். பிறகு கணவர், இறந்தது 2009. நான்காவதாக ஒரு பெண்ணின் பெயர், 1941 என்று பிறந்த வருடம், ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அது பாப்ச்சாவின் பெயர்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் தன் பெயரையும் மற்ற மூன்றைப் போலவே எழுத்து எழுத்தாகத் தேய்த்தார். கோட்டையும் தேய்த்தார். கோட்டுக்குப் பிறகான வெற்றுக் கல்லின் மேல் துணியை ஒருமுறை ஓட்டிவிட்டு எழுந்தார். கணவர் போனபோதே சேர்த்துச் செதுக்கிவிட்டார்களாம். இங்கே பலரும் அப்படிச் செய்வதுண்டு என்றாள் தோழி. எனக்குத்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. பாப்ச்சா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். “குழந்தைகளுக்கு எதற்குச் செலவு” என்றாராம்.

சில கல்லறைகளில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளைப் பற்றியும் கேட்டேன். இடத்துக்கான கட்டணம் 20 வருடத்துக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். யாரும் வராத கல்லறைகளில், உறவினர்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒன்று பாப்ச்சாவின் கல்லறைக்கு இரண்டு கல்லறை தள்ளி இருந்தது, சாய்ந்த இரும்புச் சிலுவையோடு. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அதற்கு ஊற்றி அதையும் துடைத்தோம். யாருடையது என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார்.

நவம்பர் 1, அதே கிராமம்

கடைகள் அத்தனையும் மூடல். இருட்டு நிறக் கோட்டு, பளபளக்கும் ஷூ. மதியம் இரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. ஒவ்வொரு குடும்பமும் அதனதன் கல்லறை அருகே நின்றது. ஒலிபெருக்கியில் சாமியாரின் குரல். மொழி தெரியாவிட்டால் என்ன, எந்த இடத்தில் எது வரும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. எழும்போது எழுந்தேன், நெற்றியில் சிலுவை போடும்போது போட்டேன்.

பூசை முடிந்ததும் ‘விபோமின்கி’. இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது. குடும்பங்கள் பெயர்களைச் சீட்டில் எழுதிச் சர்ச்சில் கொடுத்துவிடுவார்கள். இன்று தொடங்கி நவம்பர் மாதம் முழுக்க வாசிப்பு நடக்கும். நேற்று இரவு பாப்ச்சா சமையலறை மேசையில் சீட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை என் பக்கம் நகர்த்தினார். உன் வீட்டில் யார் என்று கேட்டார். அப்பா என்றேன். பெயர்? அந்தோணி.

“அந்தோனி!” என்றார் உடனே. அவருடைய அண்ணன் பெயரும் அதுதானாம். குடும்பப் பெயர் கேட்டார். எங்களுக்கு அது கிடையாது, இனிஷியல்தான் என்று விளக்கத் தெரியாமல் அந்த ஓர் எழுத்தை மட்டும் எழுதினேன்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. குளிரில் விரல் மரத்துப்போனது. சாமியார் நிறுத்தாமல் ஒரே தாளத்தில் வாசித்தார். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெயர் வரும் வரை காத்து நிற்பது முகத்தில் தெரிந்தது. போலிஷில் பெயர்களுக்கும் வேற்றுமை உருபு உண்டு. ‘அந்தோனியின் ஆன்மாவுக்காக’ என்றால் ‘அந்தோனியேகோ’. அந்தச் சொல் வந்தபோது பாப்ச்சா என் முழங்கையைத் தொட்டார். தட்டுத்தடுமாறி வாசிப்பார், யாரோ வெளிநாட்டுக்காரர் பெயர் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. முன்னும் பின்னும் வந்த பெயர்களைப் போலவே அதுவும் போனது. அந்த ஊர்க்காரர்களில் ஒருவராக அப்பா அந்தப் பட்டியலில் நின்றார். நான் அழுதேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று இங்கே அழுவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொன்னார்கள். தாளத்தை வைத்தே எனக்குப் பிடிபட்டது. ‘நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே’ என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டேன். சாமியார் வழிநெடுகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

விளக்கு ஏற்றுவது அப்புறம்தான். ஸ்னிச் என்பது கண்ணாடிக் கூடு, மேலே தகர மூடி, மூடியில் காற்றுப் போக ஓட்டைகள். உள்ளே மெழுகு நிரப்பிய பிளாஸ்டிக் குப்பி. எத்தனை மணி நேரம் எரியும் என்று அதிலேயே போட்டிருக்கும், இரண்டு மூன்று நாள் தாங்குபவையும் உண்டு. குப்பியை வெளியே எடுத்து, சாய்த்துப் பிடித்துப் பற்றவைத்து, திரி நின்றதும் உள்ளே இறக்க வேண்டும். நான் கண்ணாடிக்குள் தீக்குச்சியை விட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். பேட்டரி விளக்கும் விற்கிறார்கள். பாப்ச்சாவுக்கு அது பிடிக்காது. “நெருப்பு வேண்டும்” என்பதோடு சரி. அந்தக் காலத்தில் ஆன்மாக்கள் வழி கண்டுபிடிக்கவும் குளிர் காயவும் கல்லறைகளிலும் முச்சந்திகளிலும் தீ மூட்டுவார்களாம். ஸாதுஷ்கி இரவில் முட்டைக்கோஸ் நறுக்கக் கூடாது, நூல் நூற்கக் கூடாது, கழுநீரை வாசலில் வீசக் கூடாது, வந்திருக்கும் ஆன்மா மேல் பட்டுவிடும் என்று அவருடைய அம்மா சொல்வாராம்.

பாப்ச்சாவின் பையில் எட்டு விளக்கு இருந்தது. குடும்பக் கல்லறைக்கு நான்கு. சீட்டு ஒட்டிய அந்தக் கல்லறைக்கு ஒன்று. அண்ணன் கல்லறைக்கு ஒன்று. மிச்சம் இரண்டோடு நடுவில் இருந்த பெரிய சிலுவைக்குப் போனோம். கல்லறை தூரத்தில் இருப்பவர்களுக்கும், எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாதவர்களுக்கும் அந்தச் சிலுவையடியில் ஏற்றலாம். அங்கே ஏற்கெனவே நூற்றுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தன. பாப்ச்சா ஒன்றைத் தன் சித்தப்பாவுக்கு வைத்தார். போருக்குப் போனவர், திரும்பவில்லை. இன்னொன்றை என் கையில் கொடுத்தார்.

நாலே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. போன வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஐந்து மணிக்குச் சரிவின் உச்சியிலிருந்து பார்த்தபோது கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, விளக்குகள் மட்டும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தரையோடு தரையாக எரிந்தன. மேலே மூடுபனியில் அந்த நிறம் ஏறியிருந்தது. உருகிய மெழுகும் ஈர இலையும் செவ்வந்தியும் கலந்த வாசனை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. குழந்தைகள் மட்டும் அணைந்த விளக்குகளைத் தேடித் தேடிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 2, புஸ்ட்கி குன்று

காலையில் பாப்ச்சா வரவில்லை, முழங்கால் வலி. தோழியும் நானும் வுஷ்னா கிராமத்துக்குப் போனோம். அங்கே புஸ்ட்கி என்ற குன்றின் மேல், காட்டுக்குள் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எண் 123.

1915 மே 2 அன்று கோர்லிட்சே சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் ஆஸ்திரிய-ஹங்கேரியும் ஜெர்மனியும், எதிர்ப்பக்கம் ருஷ்யா. அப்போது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்திலேயே இல்லை. 1795 முதல் 1918 வரை அந்த மூன்று பேரரசுகளும் அதைப் பங்குபோட்டு வைத்திருந்தன. அதனால் மூன்று படைகளிலும் போலந்துப் பையன்கள். ஒரே மொழியில் ஜெபம் சொன்னவர்கள் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள்.

சண்டை முடிந்தபின் இறந்தவர்களை அடக்கம் செய்ய ஆஸ்திரிய ராணுவம் தனித் துறையே அமைத்தது. சிற்பிகளையும் கட்டடக் கலைஞர்களையும் கூட்டிவந்து, போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்த வட்டாரத்தில் 400க்கு நெருக்கமான கல்லறைத் தோட்டங்களைக் கட்டினார்கள். அவர்களில் துஷான் யூர்கோவிச் என்ற ஸ்லோவாக்கியர் மரத்தில் வேலை செய்தவர். குன்றின் உச்சியில் நிற்கும் மரக் கோபுரம் அவர் வடிவமைத்தது. 1985இல் எரிந்துபோனது. 2014இல் மறுபடி எழுப்பினார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே கிடக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குழுக்களாகக் கல்லறைகள். ஒரு குழு ஆஸ்திரியப் படையினர், கொஞ்சம் தள்ளி ருஷ்யப் படையினர், அவர்களுக்கு இரட்டைக் குறுக்குச் சட்டம் வைத்த சிலுவை. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே குன்று, ஒரே காடு. போர் நடக்கும்போதே எதிரிக்கும் சேர்த்து இப்படிக் கட்ட மனம் வந்திருக்கிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது. இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் மனதில் ஆழமாக இறங்கியது எது என்று கேட்டால் இந்தக் குன்றைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள். ருஷ்யக் கல்லறைகளின் அருகேயும் விளக்குகள். ஈர இலைகளின் மேல் வைத்ததில் ஒன்று சாய்ந்து கிடந்தது. கண்ணாடி உடையவில்லை. நிமிர்த்திப் பற்றவைத்தோம். நூறு வருடத்துக்கு மேலாயிற்று. இந்தப் பையனின் அம்மா ருஷ்யாவில் எந்த ஊரிலோ காத்திருந்து செத்துப்போயிருப்பாள். இங்கே பெயர் தெரியாத ஒருவர் மேடு ஏறி வந்து விளக்கு வைத்துவிட்டுப் போகிறார்.

சாப்பாட்டுக்கு வீடு திரும்பியபோது மணி ஒன்றரை. ஊரில் ஆறு. தம்பி வீடியோவில் அழைத்தான். தூத்துக்குடியில் மழை. பூசை முடிந்து கல்லறையில் நிற்கிறான், தலைக்கு மேல் குடை, சிலுவையில் செவ்வந்தி மாலை. மெழுகுவர்த்தியை ஏற்ற ஏற்ற அணைகிறது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மூடிப் பார்க்கிறான், அதுவும் உருகிச் சுருங்குகிறது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் இதே பாடுதான், ஐப்பசி மழை.

பாப்ச்சா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூவை அடையாளம் கண்டு விரலால் காட்டினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு ஸ்னிச்சைக் கொண்டுவந்தார். சிவப்புக் கண்ணாடி, உள்ளே குப்பி இல்லை. பழைய செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி என் பைக்குள் தானே வைத்தார்.

இரவு கிராக்கோவ் திரும்பி நேரே ராகோவிட்ஸ்கி. மூன்று நாள் முன்பு பார்த்த இடம்தானா என்று இருந்தது. வாசலில் உண்டியலோடு நிற்பவர்கள் சில்லறை கேட்கிறார்கள், சிதைந்த பழைய கல்லறைகளைச் சீர்செய்வதற்கு. 1975இல் வார்சாவின் பவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் யேஷி வால்டார்ஃப் என்ற எழுத்தாளர் தொடங்கிவைத்த வழக்கம், நடிகர்களும் எழுத்தாளர்களும் அங்கே உண்டியல் பிடித்து நிற்பார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. கையில் இருந்த நாணயங்களைப் போட்டேன். பக்கத்தில் ‘மியோதெக் துரெட்ஸ்கி’ விற்றார்கள். சர்க்கரையைக் காய்ச்சிக் கொட்டைப் பருப்பு போட்டு உடைத்துக் கொடுக்கும் மிட்டாய். கிராக்கோவில் கல்லறை வாசலில் இந்த நாட்களில்தான் அது. பல்லில் ஒட்டியது, கடலை மிட்டாயை நினைத்துக்கொண்டேன்.

ஓவியர் யான் மாதேய்கோவின் கல்லறை, 1996இல் நோபல் பெற்ற கவிஞர் ஷிம்போர்ஸ்காவின் கல்லறை இரண்டையும் தேடிப் போனோம். ராணுவப் பகுதியில் போப் இரண்டாம் ஜான் பாலின் அம்மா, அப்பா இருவரும் இருக்கிறார்கள். அங்கே விளக்குகள் நடைபாதை வரை வந்துவிட்டிருந்தன. ஆனால் பேர்பெற்றவர்களின் கல்லறையில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. சுவரோரம் ஓர் அப்பா தன் மகளைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவள் உயரமான ஒரு பழைய கல்லறையின் விளிம்பில், கைக்கு எட்டியும் எட்டாமலும், விளக்கை வைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 3, கிராக்கோவ்

மாலையில் விமானம். நகத்தின் இடுக்கில் இன்னும் மெழுகு. காலையில் ஒருமுறை கல்லறை வாசலுக்குப் போய் வந்தேன். பூக்கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பகல் வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது.

செய்தித்தாளைப் பிரித்து, பாப்ச்சாவின் விளக்கை ஸ்வெட்டருக்குள் வைத்து, அதைச் சுற்றித் துணிகளை அடைத்தேன். தம்பிக்குப் படம் அனுப்பினேன். உள்ளே நம் மெழுகுவர்த்தி நிற்குமா, அளந்து சொல் என்றான். தோழியிடம் ஸ்கேல் வாங்கி அளந்தேன். உயரம் 18 சென்டிமீட்டர். நிற்கும்.